ஆறு சிவப்புப் பந்துகள் பிறந்த கதை

ஸ்நூக்கர் பிறந்ததே பொழுது போகாததால்தான். 1875-ஆம் ஆண்டு, ஜபல்பூரில் மழைக்காலம். வெளியே போக வழியில்லாத ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றியே நாட்களைக் கழித்தார்கள். ஆடிய ஆட்டங்கள் சலித்துப் போகவே, நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி 'பிளாக் பூல்' ஆட்டத்தில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின் வேறு ஒருவர்.) அந்த ராணுவ அதிகாரியுடனேயே ஆட்டம் நம் ஊட்டிக்கும் வந்தது. 1882-இல் ஊட்டி கிளப்பில்தான் அதற்கு ஒழுங்கான விதிகள் எழுதப்பட்டன.

நேரம் மிதமிஞ்சிக் கிடந்தவர்களுக்காகப் பிறந்த ஆட்டம் என்பதால் அதன் நடையும் நிதானமானது. ஒரு ஃபிரேமில், அதாவது ஒரு சுற்றில், 15 சிவப்புப் பந்துகள், 6 வண்ணப் பந்துகள், ஒரு வெள்ளைப் பந்து. உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் 18 ஃபிரேம்களை வென்றால்தான் கோப்பை. அது இரண்டு நாள் நீளும். 1985-இல் டென்னிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் மோதிய இறுதிப் போட்டி, கடைசி ஃபிரேமின் கடைசிக் கருப்புப் பந்து வரை போய் நள்ளிரவு தாண்டி முடிந்தது. பிரிட்டனில் சுமார் 1 கோடியே 85 லட்சம் பேர் கண் விழித்துப் பார்த்தார்கள்.

அந்தப் பொறுமையை எல்லாக் காலத்திலும் எதிர்பார்க்க முடியவில்லை. 1976 முதல் உலக சாம்பியன்ஷிப்பைத் தாங்கிப் பிடித்த எம்பசி சிகரெட் 2005-உடன் விலகியது. புகையிலை விளம்பரங்களுக்கு வந்த தடைதான் காரணம். புதிய ரசிகர்களையும் புதிய ஆதரவாளர்களையும் தேட வேண்டிய கட்டாயம் ஆட்டத்துக்கு வந்தது.

விடைகளில் ஒன்று தாய்லாந்திலிருந்து கிடைத்தது. அங்கே ஸ்நூக்கர் மீது மக்களுக்கு உண்மையான பிரியம் உண்டு. உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறிய ஜேம்ஸ் வட்டனா, 1994, 1995 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தாய்லாந்து ஓப்பனைச் சொந்த மண்ணில் வென்றவர். அந்த மண்ணில், 2008 ஜூலையில், பாங்காக்கின் மோன்டியன் ரிவர்சைட் ஹோட்டலில் 'சிக்ஸ்-ரெட் ஸ்நூக்கர் இன்டர்நேஷனல்' தொடங்கியது.  தரவரிசைப் புள்ளிகள் கிடையாது. அழைக்கப்பட்டவர்கள் மட்டும் ஆடும் போட்டி. மேசை அதே மேசை, கோல் அதே கோல். சிவப்புப் பந்துகள் மட்டும் 15-இலிருந்து 6 ஆயின. ஐந்து வரிசை முக்கோணம் மூன்று வரிசை முக்கோணமாகச் சுருங்கியது.

இந்தக் குறைப்பில் ஆட்டத்தின் கணக்கே மாறியது. முழு ஆட்டத்தில் ஒரே மூச்சில் அதிகபட்சமாக எடுக்கக்கூடியது வழக்கமாக 147 புள்ளிகள். அதில் கடைசியாக வரும் வண்ணப் பந்துகளின் பங்கு 27, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆறு சிவப்பில் உச்சம் 75. வண்ணப் பந்துகள் அதே 27-ஆக நிற்பதால் அவற்றின் எடை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு கருப்பு என்று போட்டுக்கொண்டே போகிறவர், முழு ஆட்டத்தில் 19 பந்துகளைப் போட்ட பிறகே எதிராளியால் எட்ட முடியாத இடத்துக்குப் போவார். ஆறு சிவப்பில் 10 பந்துகள் போதும்: கையில் 40, மேசையில் மிச்சம் 35. ஒளிந்துகொள்ளச் சிவப்புக் கூட்டமும் இல்லை. ஒரு தவறு செய்து நாற்காலிக்குப் போனவர் அந்த ஃபிரேமில் மறுபடி எழுந்து வராமலே போகலாம்.

இதனால் பெரிய ஆட்டக்காரர்களும் சாதாரணமாக நினைக்க முடியாத போட்டியாயிற்று. முதல் ஆண்டு இறுதிப் போட்டியில் ரிக்கி வால்டன், ஸ்டூவர்ட் பிங்கமை 8-7 என்று கடைசி ஃபிரேமில் வென்றார். 2009-இல் கோப்பை ஜிம்மி ஒயிட்டுக்கு. உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் ஆறு முறை தோற்று, ரசிகர்களின் நெஞ்சில் மட்டும் சாம்பியனாக இருந்தவர். 47 வயதில் பாரி ஹாக்கின்ஸை 8-6 என்று வென்றார். 2010-இல் போட்டி 'சிக்ஸ்-ரெட் உலக சாம்பியன்ஷிப்' என்ற பெயரோடு நடந்தது. மார்க் செல்பி வென்றார். தாய்லாந்து ரசிகர்களின் காத்திருப்பு 2015-இல் தீர்ந்தது: அவர்கள் நாட்டுத் தேப்சாயா உன்-நூ, லியாங் வென்போவை 8-2 என்று வீழ்த்தினார்.

ஆறு சிவப்பு பாங்காக்கோடு நின்றுவிடவும் இல்லை. சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் கூட்டமைப்பு நடத்தும் ஆறு சிவப்பு உலகப் போட்டியை 2014-இல் எகிப்திலும் 2015-இல் கராச்சியிலும் வென்றவர் நம் பங்கஜ் அத்வானி. நீண்ட ஆட்டத்திலும் அவர் அதே கூட்டமைப்பின் உலகப் பட்டத்தை வென்றவர்தான். குறுகிய ஆட்டம் குறைந்த ஆட்டம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. வெள்ளைப் பந்தை அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் கலை இரண்டுக்கும் ஒன்றே. ஆறு சிவப்பு அதே கலையைக் கேட்கிறது. தவறினால் திருத்திக்கொள்ள அவகாசம் மட்டும் தருவதில்லை.