மூக்கும் மானமும்

'மூக்கறுபட்டான்' என்றால் மானம் இழந்தான் என்று பொருள் கொள்வது தமிழ் வழக்கு. வரலாற்றில் அது வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், 1650களின் பிற்பகுதியில், மைசூர்ப் படையினர் மதுரை நாட்டினுள் புகுந்து, அகப்பட்டோரின் மூக்குகளை அறுத்தனர். இரகுநாத சேதுபதி துணைவர, மதுரைப் படை அவ்வாறே பழிதீர்த்தது. அதனை மூக்கறுப்புப் போர் என்றே வரலாறு கூறும்.

அறுக்கும் கைகள் இருந்த நாட்டில் ஒட்டும் கைகளும் இருந்தன. இலையால் அளவெடுத்து, கன்னத்துத் தோலால் மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை விளக்குகிறது. 1792ஆம் ஆண்டுப் போரில், ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி, திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், புனாவில், செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் மெழுகால் அளவெடுத்து, நெற்றித் தோலைக் கீழே திருப்பி, அவருக்குப் புது மூக்கு அமைத்தார். புருவங்களுக்கிடையே சிறிது தோலை அறுக்காமல் விட்டு இரத்த ஓட்டத்தைக் காத்ததே அம்முறையின் நுட்பம். 1794 அக்டோபரில் இலண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதனை வெளியிட்டது. 1814இல் ஜோசப் கார்ப்பியூ அம்முறையை இலண்டனில் செய்து வெற்றி கண்டார்.

1898இல் வரலாறு திசை மாறியது. பெர்லினில் ஜாக் ஜோசப் என்னும் மருத்துவர், பிறர் பார்வைக்கு அஞ்சி ஒடுங்கிய ஓர் இளைஞனின் பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். அறுபடாத மூக்குக்கும் மானக்கேடு உண்டு என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டது.

அன்று கலை கடல் கடந்தது. இன்று மக்களே கடக்கின்றனர். செங்கல் சூளைகளும் மாட்டுத் தொழுவங்களும் ஒருகாலத்தில் இருந்த நம் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் வளர்ந்த என் தங்கை மகள், மூக்கின் அகலத்தைக் குறைக்கச் சோல் நகருக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டாள். இது வீண் ஆசை என்று தள்ள மனம் வரவில்லை. பெர்லின் இளைஞனின் துயரம் உண்மையானதே.

ஆயினும் சிலவற்றைச் சொன்னேன். வீக்கம் முற்றும் வடிய ஓராண்டு ஆகலாம். அதற்குள் குறை தோன்றினால், செய்த மருத்துவர் கடலுக்கு அப்பால் இருப்பார். அழகுக்கான சிகிச்சைக்கு மெடிசேவ் சேமிப்பும் உதவாது. ஆதலின் இங்குள்ள வல்லுநரிடம் முதலில் கேள்; பின்னர் யார் கவனிப்பார் என்பதையும் கேள் என்றேன்.

இறுதியாக ஒன்று: காவஸ்ஜிக்குத் தம் மூக்கை அறுத்தவர் யாரென்று தெரியும். "உன் மூக்கைக் குறையென்று முதலில் சொன்னவர் யார்?" என்று வினவினேன். அவள் உடனே விடை கூறவில்லை. அவ்விடையைத் தேடிக்கொண்ட பிறகு அவள் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி. முடிவு அவளுடையதாக இருக்கும்.