கம்பியில்லாத் துறைமுகம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் என்றதும் உப்பளம்தான் ஞாபகத்துக்கு வரும். பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஓரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். பார்க்க அழகுதான். ஆனால், அந்தக் காற்றில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு நாலு வருஷம் கணக்கு எழுதிப் பாருங்கள், சேதி தெரியும்.

உப்பு சும்மா இருக்காது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் கூட்டுச் சேர்ந்தால் உலோகம் தப்பாது. லேப்டாப்பின் ஓரத்தில் வரிசையாக இருக்கிறதே யு.எஸ்.பி., மானிட்டர், நெட்வொர்க் என்று, அந்தப் பொந்துகள்தான் முதலில் அடிவாங்கும். உள்ளே இருப்பது மெல்லிய உலோகத் தகடுகள். செருகிச் செருகி மேல்முலாம் தேயும். உள்ளிருக்கும் செம்பு பச்சை பூக்கும். இன்றைக்கு பிரிண்டர் வேலை செய்யும், நாளைக்குச் செய்யாது. ஆட்டி ஆட்டிச் செருகினால் மறுபடி செய்யும்.

செருகவே வேண்டாம் என்று ஒரு வழி இருந்தால்?

இருந்தது. அதற்குப் பெயர் வயர்லெஸ் டாக்கிங் ஸ்டேஷன். அதன் கதை நம் ஊர்க் கல்கத்தாவில், லேப்டாப் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பிக்கிறது.

முதலில் டாக் என்றால் என்ன? கப்பல் வந்து அணையும் துறை. மரக்காணத்துக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுமார் 2000 வருஷங்களுக்கு முன்னால் பெயர் தெரியாத ஒரு மாலுமி கிரேக்கத்தில் எழுதிவைத்த பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் சோபட்மா என்றொரு துறைமுகம் வருகிறது. அது மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

கடலெல்லாம் சுற்றிவிட்டுத் துறைக்கு வருகிற கப்பல் மாதிரிதான் லேப்டாப்பும். வெளியே சுற்றிவிட்டு மேஜைக்கு வந்ததும் பெரிய திரை, கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் ஒரே இணைப்பில் கிடைக்க வேண்டும். 1992ல் ஆப்பிள் நிறுவனம் பவர்புக் டியோ என்றொரு லேப்டாப்பைக் கொண்டுவந்தது. வீடியோ டெக்கில் கேசட்டைத் தள்ளுவதுபோல் அதை ஒரு பெட்டிக்குள் தள்ளினால் போதும், மேஜைக் கம்ப்யூட்டராக மாறிவிடும். ஆனால் உள்ளே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உலோக முனைகள் ஒன்றோடொன்று உரச வேண்டும்!

அந்த உரசலை ஒழிக்க, டேட்டா காற்றில் போக வேண்டும். பெரிய திரைக்கான படம் என்பது லேசுப்பட்ட சரக்கு இல்லை. அதைச் சுமக்க அகலமான, நெரிசலில்லாத பாதை வேண்டும். அப்படி இன்ஜினீயர்கள் தேர்ந்தெடுத்த பாதைதான் 60 கிகா ஹெர்ட்ஸ். அதாவது, அலையின் நீளம் வெறும் 5 மில்லிமீட்டர்.

அந்த 5 மில்லிமீட்டர் அலையைத்தான் 1890களில், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் ஒரு சின்ன அறையில் உண்டாக்கி ஆராய்ந்துகொண்டிருந்தார் ஜகதீஷ் சந்திர போஸ்.

1895ல் அவர் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னால் ஒரு வேடிக்கை காட்டினார். இடையில் கம்பி கிடையாது. தூரத்தில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. பரிசோதனைச் சாலையில் அவர் பயன்படுத்திய சாமான்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். முறுக்கிய சணல். பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! அதன் பக்கங்களுக்கு நடுவே வெள்ளீயத் தாளைச் செருகி, அலைகளை வடிகட்டினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதையெல்லாம் விளக்கிச் சொன்னார்.

அப்புறம்?

அப்புறம் ஒன்றுமில்லை. காரணம், அன்றைக்கு உலகம் கேட்டது தூரம். கடலில் போகிற கப்பலோடு பேச வேண்டும், கண்டம் விட்டுக் கண்டம் தந்தி அடிக்க வேண்டும். அதற்கு நீண்ட அலைகள்தான் லாயக்கு. 1901ல் மார்க்கோனி அவற்றை வைத்து அட்லாண்டிக்கைத் தாண்டினார். போஸின் குட்டி அலைகளைப் பரணில் போட்டுவிட்டார்கள். மனிதரும் வியாபாரி இல்லை. நண்பர்கள் வற்புறுத்திய பிறகுதான் அலைகளை உணரும் தன் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். 1904ல் அமெரிக்கா கொடுத்தது. அதை வைத்து அவர் காசு பார்க்கவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்துப் பரணிலிருந்து அலைகளை இறக்கினார்கள். 2009ல் வைகிக் என்ற பெயரில் கம்பெனிகள் கூட்டணி அமைத்தன. 2012 கடைசியில் 802.11ஏடி என்ற சர்வதேசத் தரம் வந்தது. 2013ல் டெல் நிறுவனத்தின் லாட்டிட்யூட் 6430யு லேப்டாப்புக்கு டி5000 என்ற வயர்லெஸ் டாக் விற்பனைக்கு வந்தது. லேப்டாப்பை மேஜையில் வைத்தால் போதும், பெரிய திரையில் படம் ஓடும். சுவரைத் தாண்டாத, குறுக்கே ஆள் வந்தாலே தடுமாறுகிற அலை. ஆனால், ஓர் அறைக்குள் நடக்கிற வேலைக்கு அதுவே சௌகரியம். பக்கத்து அறைக்காரரின் இரைச்சல் நம் அறைக்குள் வராதே!

அங்கேதான் சிக்கலும். டேட்டா காற்றில் வந்தது, மின்சாரம் வரவில்லை. சார்ஜர் வயரை எப்படியும் செருக வேண்டும். 2017ல் டெல் லாட்டிட்யூட் 7285 கம்பியில்லாமல் சார்ஜும் ஏற்றிக் காட்டியது. ஆனால் அதற்குள் எதிரி வேறு வேஷத்தில் வந்துவிட்டான். அவன் பெயர் யு.எஸ்.பி.-சி. ஒரே வயரில் படம், டேட்டா, சார்ஜ் மூன்றும்! ஒரு வயரைச் செருகச் சோம்பல்படுகிறவர் எத்தனை பேர்? அதே 2017ல் இன்டெல் தன் லேப்டாப் வைகிக் கார்டுகளுக்கு மூடுவிழா அறிவித்தது.

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. வயர்லெஸ் டாக் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்தது யார்? ஏ.சி. அறைகளில் நூற்றுக்கணக்கில் லேப்டாப் வாங்கிப் போடுகிற பெரிய கம்பெனிகள். அவர்களுக்கு வயர் ஒரு சின்னத் தொந்தரவு, அவ்வளவுதான். உப்புக் காற்றில் உட்கார்ந்திருக்கிறவருக்கோ வயரின் முனைதான் எதிரி. தேவை அதிகம் இருந்தவர் கணக்குப் புத்தகத்திலேயே இல்லை. 1901ல் கப்பல் கம்பெனிகளுக்குப் பயன்படாத அலை பரணுக்குப் போனது. 2017ல் ஆபீஸ்களுக்கு அவசியப்படாததால் மறுபடி லேப்டாப்பை விட்டு இறங்கியது.

அதற்காகக் கடலோரத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மொத்தமாகக் கிடைக்காததைச் சில்லறையாக வாங்கலாம். கீபோர்டும் மவுஸும் புளூடூத்தில். பிரிண்டர் வை-ஃபையில். திரைக்கு மிராகாஸ்ட், விண்டோஸ் லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனையும் 'கே' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அருகில் தயாராக உள்ள திரைகளின் பட்டியல் வரும். படம் ஒரு நொடி பிந்தலாம். கணக்கெழுத, கடிதம் அடிக்க அது தாராளம். மற்ற பொந்துகளை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டு, சார்ஜர் செருகும் ஒன்றை மட்டும் உலர்வாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்போடு போராட அந்த ஒரு வாசல் போதும்.