கரையாத மருந்தும் முந்திரி ஓட்டு எண்ணெயும்

மகாராஷ்டிரத்தின் நந்தூர்பாரில் பிறந்த மன்சுக் வாணியும் மன்ரோ வாலும் 1966இல் சீன மரமொன்றிலிருந்து கண்டறிந்த கேம்ப்டோதெசின் புற்றுச்செல்களை அழிக்கவல்லது. ஆனால் நீரில் கரைவதில்லை. கரையும் சோடியம் உப்பாக நோயாளிகளுக்குச் செலுத்தியபோது கடும் நச்சுவிளைவுகள் தோன்றவே, 1970களில் அச்சோதனைகள் கைவிடப்பட்டன. 1996இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றவை டோபோடெக்கன், இரினோடெக்கன் என்னும் அதன் வழிப்பொருள்களே. மூல மருந்துக்குத் தேவைப்பட்டது ஏற்றதொரு சுமப்பான்.

2012இல் புனே ஐசரில் எம். ஜெயக்கண்ணன் குழுவினர், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து கிடைக்கும் பென்டாடெசைல்ஃபீனாலை டெக்ஸ்ட்ரான் என்னும் பல்சர்க்கரையுடன் எஸ்டர் பிணைப்பால் இணைத்தனர். இப்பலபடி நீரில் தானாகவே நுண்பைகளாகத் திரண்டு கேம்ப்டோதெசினைத் தன்னுள் ஏற்றது. எஸ்டரேஸ் நொதி அப்பிணைப்பை வெட்டியதும் பை குலைந்து மருந்து வெளிப்பட்டது.

எனினும் எஸ்டரேஸ்கள் குருதியிலும் உள்ளன. ஆகவே, பை திறப்பதைக் காட்டிலும், செல்லை அடையும்வரை திறவாதிருப்பதே இத்துறையின் கடினமான வினா.