இளைய திருச்சபைகளும் சபையின் இளைஞர்களும்: 1938ஆம் ஆண்டுத் தாம்பரம் மாநாட்டின் ஒளியில் ஆவிக்குரிய முதிர்ச்சி

தென்சென்னைப் புறநகர்ச் சபைகளில் இளைஞர் பணி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அவர்களை ஆராதனைக்கு வரவைப்பது எப்படி, வந்தவர்களைத் தக்கவைப்பது எப்படி என்னும் இரு கேள்விகளுக்குள்ளேயே அது முடிந்துவிடுகிறது. ஆவிக்குரிய முதிர்ச்சி என்பது ஒருவர் தம் விசுவாசத்தைப் பிறர் தாங்கிப் பிடிக்காமலே சுமக்கவும், நன்மை தீமையைத் தாமே நிதானிக்கவும், மற்றவர்களுக்காகப் பொறுப்பேற்கவும் வல்லவராகும் நிலை. சபைக்குள் நெடுங்காலம் இருந்துவிட்டால் அந்நிலை தானாக வந்து சேரும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பொறுப்பு கொடுக்கப்படாத இடத்தில் முதிர்ச்சி வளர்வதில்லை என்பதும், முதிர்ந்த பின்னரே பொறுப்பு தரலாம் என்னும் சபைகளின் வழக்கம் இளைஞர்களை முதிராதவர்களாகவே வைத்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இவ்வாதத்திற்கான சான்றைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இதே வழக்கு, தனிமனிதர்களைப் பற்றியதாக அன்றித் திருச்சபைகளைப் பற்றியதாக, தாம்பரத்திலேயே ஒருமுறை விசாரிக்கப்பட்டிருக்கிறது.

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, முந்தைய ஆண்டில்தான் ஜார்ஜ் டவுனிலிருந்து இடம்பெயர்ந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் தாம்பரம் வளாகத்தில் அனைத்துலக மிஷனெரி ஆலோசனை மன்றத்தின் மாநாடு ஜான் மாட் தலைமையில் கூடியது. சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெறவிருந்த இம்மாநாடு ஜப்பானியப் படையெடுப்பின் காரணமாக இங்கே மாற்றப்பட்டது என்பதால், தாம்பரம் உலகத் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்றதில் தற்செயலுக்கும் பங்குண்டு. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டின் ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளுள் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. தாம்பரத்திற்கு வந்த 471 பேருள் ஏறக்குறைய பாதிப் பேர் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்தவர்கள். மேலை நாட்டு மிஷன்களின் பணியால் தோன்றிய இச்சபைகளை அக்காலத்தார் 'இளைய திருச்சபைகள்' என்று அழைத்தனர். அப்பெயரில் பாசமும் உண்டு, அடக்கிவைக்கும் தொனியும் உண்டு.

இளைய திருச்சபைகளிடம் நிதியையும் நிர்வாகத்தையும் ஒப்படைக்க மறுத்த மிஷன்கள் பலவும் ஒரே காரணத்தைத்தான் கூறின: அவை இன்னும் பக்குவப்படவில்லை. இக்காரணத்தின் வலுவின்மையைத் தம் வாழ்வாலேயே காட்டியவர் வி. எஸ். அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1895இல், அதாவது இருபத்தோராம் வயதில், கிறித்தவ வாலிபர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளரான அவர், 1903இல் திருநெல்வேலியின் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றபோது முப்பதை எட்டியிருக்கவில்லை. இந்தியரின் ஆள்பலம், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்னும் கொள்கையில் அச்சங்கம் நடந்தது. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் அருட்பொழிவு பெறுவதற்கு மிஷனெரிகளிடையே மட்டுமன்றி இந்தியக் கிறித்தவர்களிடையேயும் எதிர்ப்பு இருந்தது. பக்குவத்தைக் கண்டறிந்து பொறுப்பை அளித்ததாக இந்நிகழ்வுகளை வாசிக்க இடமில்லை. இருபத்தொரு வயது இளைஞரிடம் பொறுப்பு தரப்பட்டதால்தான் முப்பத்தெட்டு வயதில் ஒரு பேராயர் கிடைத்தார். அதே 1912இல் ஆங்கிலிக்கன் மிஷனெரி ரோலண்ட் ஆலன் வெளியிட்ட நூலும், பவுல் தாம் நிறுவிய சபைகளைக் குறுகிய காலத்திலேயே உள்ளூர் மூப்பர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றதை எடுத்துக்காட்டி, மிஷன்களின் முடிவில்லாக் காத்திருப்பைக் கேள்விக்கு உள்ளாக்கியது. தாம்பரம் மாநாட்டை ஒட்டிப் பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் சென்னையிலிருந்து வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு இன்னும் ஒருபடி மேலே சென்று, மேலை நாட்டார் வகுத்த திருச்சபை வடிவத்தையே ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையை இந்தியக் கிறித்தவர்களுக்குக் கோரியது.

அன்று மிஷன்கள் இளைய திருச்சபைகளிடம் கூறியதையே இன்று அச்சபைகளின் வாரிசுகள் தம் இளைஞர்களிடம் கூறுகின்றன என்பது வரலாற்றின் கசப்பான வேடிக்கை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பகுதிகளின் சபைகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்து குடியேறிய குடும்பங்கள் கணிசமானவை. தெற்கத்திக் கிராமத்தில் கோயில் தெருவும் உறவும் பள்ளியும் ஒன்றோடொன்று பின்னியிருந்ததால், ஒரு சிறுவன் சபையின் பொது வாழ்வைப் பார்த்துப் பார்த்தே கற்றான். அசனப் பண்டிகைக்கு அரிசி சேர்ப்பதிலிருந்து வழக்குத் தீர்ப்பது வரை அவன் கண்முன் நடந்தன. புறநகரிலோ சபை என்பது ஞாயிறு காலை இரண்டு மணிநேரமாகச் சுருங்கிவிட்டது. அந்த இரண்டு மணிநேரத்தையும் நீட் பயிற்சி வகுப்பும், பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களின் இரவுப் பணிமுறையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. எஞ்சிய நேரத்தில் சபை இளைஞர்களிடம் கேட்பது உழைப்பை. அவர்கள் கீபோர்டு வாசிக்கிறார்கள், திரையில் பாடல் வரிகளை ஓட்டுகிறார்கள், விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மேடை அலங்கரிக்கிறார்கள், கிறிஸ்துமஸ் கீதபவனிக்கு வண்டி பிடிக்கிறார்கள். எந்தப் பணிக்கு எவ்வளவு செலவிடுவது, ஆராதனை எப்படி அமைவது, யாருக்கு உதவுவது என்னும் தீர்மானங்களோ சபையை நிர்வகிக்கும் குருசேகரக் குழுவின் மூடிய அறையில் எடுக்கப்படுகின்றன. உழைப்பைப் பெற்றுக்கொண்டு தீர்மானத்தை மறுக்கும் இந்த ஏற்பாட்டைப் பங்கேற்பு என்று அழைப்பது சொல்லலங்காரமே.

திடப்படுத்தல் வழிபாடு இதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், அன்று தமக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் செய்த பொருத்தனைகளைத் தாமே ஏற்று அறிக்கையிடுவதும், பேராயர் அவர்மீது கைவைத்து ஜெபிப்பதும் இவ்வழிபாட்டின் சாரம். விதியின்படி பார்த்தால் அன்றே அவர் சபையின் முழு உறுப்பினர். நடைமுறையில், சில வார வகுப்புகளில் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் மனனம் செய்து, வெள்ளை உடையில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, திருவிருந்தில் பங்குபெறத் தொடங்கும் பதினைந்து வயதினருக்கு மறுநாள் சபையில் எதுவும் மாறியிருப்பதில்லை. வாக்குறுதி பெறப்பட்டிருக்கிறது, அதை நிறைவேற்றுவதற்கான களம் தரப்படவில்லை. முகாம்களிலும் எழுப்புதல் கூட்டங்களிலும் கண்ணீரோடு திரும்பத் திரும்ப ஒப்புக்கொடுக்கும் இளைஞர்களின் உண்மையில் ஐயம் கொள்ள வேண்டியதில்லை என்றாலும், ஒரே வாக்குறுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருப்பது, இடைப்பட்ட மாதங்களில் அவ்வாக்குறுதிக்கு வேலை இல்லாமற்போனதையே காட்டுகிறது.

புதிய ஏற்பாடு முதிர்ச்சியைப் பேசும் இரு முக்கியப் பகுதிகளும் இந்நடைமுறைக்கு எதிராகவே நிற்கின்றன. எபிரெயர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், பாலைக் கடந்து பலமான ஆகாரத்துக்கு உரியவர்கள் யார் என்று விளக்கும்போது, நீண்டநாள் கேட்டவர்களையோ நிறைய அறிந்தவர்களையோ குறிப்பிடாமல், பயிற்சியினால் நன்மை தீமையைப் பகுத்தறியப் பழகியவர்களைக் குறிப்பிடுகிறது. மேலும், அதன் வாசகர்கள் இதற்குள் போதகர்களாகியிருக்க வேண்டும் என்றும் குறைப்படுகிறது. எபேசியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் அப்போஸ்தலரும் தீர்க்கதரிசிகளும் மேய்ப்பரும் போதகரும் தரப்பட்டிருப்பது விசுவாசிகள் எல்லாரையும் ஊழியத்திற்கு ஆயத்தப்படுத்துவதற்காக. அந்த ஊழியத்தின் வழியாகவே அனைவரும் ஒருசேரக் கிறிஸ்துவின் நிறைவை நோக்கி வளர்கின்றனர். முதிர்ச்சி இங்கே ஒருவர் தனியே எட்டும் நிலையாகச் சொல்லப்படவில்லை. உடல் முழுவதும் சேர்ந்து வளர்வதாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் இளைஞர் முதிராத சபையில் முதியோர் மட்டும் முதிர்ந்திருப்பதாகக் கருதவும் இடமில்லை.

விசுவாச வளர்ச்சியை ஆராய்ந்த மேலை அறிஞர்களுள் ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் ஆறு படிநிலைகளை முன்வைத்தார். வளரிளம் பருவத்தினர் தம்மைச் சூழ்ந்தவர்களின் நம்பிக்கையையே தமதாகக் கொண்டிருப்பது மூன்றாம் படிநிலை. அதைத் தாமே சோதித்து, ஏற்க வேண்டியதை ஏற்பது நான்காவது. ஜான் வெஸ்டர்ஹாஃப் 1976இல் வெளியிட்ட நூலில், தேடும் விசுவாசத்தைக் கடக்காமல் சொந்த விசுவாசம் உருவாவதில்லை என்றார். இவ்வாய்வுகளைத் தமிழ்ச் சூழலில் அப்படியே பொருத்துவது சரியன்று. ஃபௌலர் விவரிக்கும் மாற்றத்தை மேலை நாட்டு இளைஞர்களுக்குப் பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியேறுதல் எளிதாக்குகிறது. பெருங்களத்தூரிலோ பம்மலிலோ வாழும் இளைஞர், குறிப்பாக இளம்பெண், திருமணம் வரை பெற்றோரின் வீட்டிலேயே, பெற்றோரின் சபையிலேயே இருக்கிறார். எனவே இங்கே கேள்வி கேட்பதற்கான வெளியை வீட்டுக்குள்ளும் சபைக்குள்ளும்தான் உண்டாக்க வேண்டும். உண்டாக்காவிடில் அக்கேள்விகள் நண்பர் வட்டத்துக்கும் யூடியூபுக்கும் போகும். சபையில் மௌனமே மிஞ்சும், அதைப் பெரியோர் பக்தி என்று எண்ணிக்கொள்வார்கள்.

கேள்விக்கு இடமளிப்பது விசுவாசத்தைத் தளர்த்திவிடும் என்னும் அச்சத்திற்கும் தாம்பரத்திலேயே மறுமொழி உண்டு. கல்லூரி இங்கே வந்தபோது முதல்வராக இருந்த ஏ. ஜி. ஹாக், எடின்பரோவில் மாணவராக இருந்தபோது கடும் ஐயத்திற்கு உள்ளானவர். 1903இல் குருப்பட்டம் பெறாத ஆசிரியராகவே சென்னை வந்தவர், பல ஆண்டுகள் கழித்தே குருவானார். 1938 மாநாட்டின் விவாதத்தில் டச்சு இறையியலாளர் ஹென்றிக் கிரேமரின் கருத்தை மறுத்த ஹாக், கடவுள்மீது ஒருவர் வைக்கும் விசுவாசத்தையும், அவ்விசுவாசத்தைச் சொற்களில் வடிக்கும் கோட்பாடுகளையும் வேறுபடுத்திக் காட்டினார். சமயங்களுக்கிடையிலான உறவை விளக்க எழுந்த அவ்வேறுபாடு இளைஞர் பணிக்கும் உதவும்: கோட்பாடு ஒன்றைக் கேள்வி கேட்கும் இளைஞர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று முடிவுகட்டுவதும், எல்லாக் கோட்பாடுகளையும் ஒப்பிப்பவர் விசுவாசத்தில் தேறியவர் என்று மகிழ்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

முதிர்ச்சியை அளக்கச் சபைகள் கையாளும் அளவுகோலும் ஆய்வுக்குரியது. சினிமா, மது, காதல் ஆகியவற்றிலிருந்து விலகியிருப்பதே இளைஞரின் பரிசுத்தம் என்று போதிக்கும் பிரசங்கங்கள், அதே இளைஞரின் திருமணத்திற்குச் சாதி பார்த்து வரன் தேடப்படுவதையும் வரதட்சிணை பேசப்படுவதையும் அரிதாகவே தொடுகின்றன. ஞானஸ்நானம் சாதி வேற்றுமையைக் கடக்கிறது என்று கற்ற இளைஞர், தம் சொந்த வீட்டில் அப்போதனை செல்லாததைக் காணும்போது இரண்டில் ஒன்றைக் கற்கிறார்: போதனை பொய், அல்லது போதனைக்கும் வாழ்வுக்கும் தொடர்பில்லை. பின்னதே மிகுதியும் நிகழ்கிறது. அதுவே ஆபத்து மிகுந்ததும்கூட. நன்மை தீமையை நிதானிக்கும் பயிற்சிக்கு, சாதியும் வரதட்சிணையும் பேசப்படும் இத்திருமணப் பேச்சைவிடக் கூர்மையான களம் புறநகர்த் தமிழ்ச் சபையில் வேறில்லை. அவ்விஷயத்தில் பெற்றோரை எதிர்த்து நிற்கும் இளைஞரைக் கீழ்ப்படியாதவர் என்று கடிந்துகொள்ளாமல் அவரோடு நிற்பதற்குப் போதகர் ஒருவர் முன்வந்தால், பத்து முகாம்கள் செய்யாததை அது செய்துவிடும்.

இவ்வாதத்திற்கு ஓர் எல்லை உண்டு. 1938இன் இளைய திருச்சபைகள் வயதுவந்தோரின் சபைகள். பதினாறு வயதினருக்கோ போதனையும் பாதுகாப்பும் வழித்துணையும் தேவை. கற்பிக்காமல் பொறுப்பைச் சுமத்துவதும் தீங்கே. திடப்படுத்தல் முடிந்த கையோடு ஞாயிறு பள்ளி ஆசிரியராக்கப்படும் இளைஞர், தாம் அறியாததைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நேர்வதைப் பல சபைகளில் காணலாம். எனினும் தாம்பரம் கல்லூரியின் சேலையூர், புனித தோமா, பிஷப் ஹீபர் விடுதிகள் இதற்கு ஒரு நடுவழியைக் காட்டியுள்ளன. மாணவர்கள் தேர்தல் நடத்தித் தம் பொதுவாழ்வை நிர்வகிக்க, ஆசிரியர் ஒருவர் காப்பாளராக அவர்கள் நடுவே குடியிருக்கும் அமைப்பு அது. அங்கே தவறு செய்யவும் இடமுண்டு, தவறைச் சுட்டவும் ஆளுண்டு. வாலிபர் ஐக்கியக் கூட்டத்திற்கு மாதமொரு முறை சிறப்புரையாற்ற மட்டும் வந்துபோகும் பெரியோரால் இத்தகைய துணையைத் தர இயலாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, புறநகரின் இளைஞர்கள் சமய வேறுபாடின்றி, எந்தக் குழுவின் ஒப்புதலுக்கும் காத்திராமல் உணவும் படகும் ஏற்பாடு செய்ததை இப்பகுதியினர் அறிவர். தீர்மானிக்கும் திறன் அவர்களிடம் இருந்தது. அதைச் சபை கேட்டிருக்கவில்லை.

ஆகவே குருசேகரக் குழுக்கள் செய்யத்தக்கது மிகவும் எளியது. ஆண்டு வரவுசெலவில் இரக்கப்பணிக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைத் திடப்படுத்தல் பெற்ற இளைஞர்களின் தீர்ப்புக்கே விட்டு, யாருக்கு, எதற்காகக் கொடுத்தார்கள் என்பதை அவர்களே சபையின் முன் விளக்கும்படி கேட்கலாம். மூத்த உறுப்பினர் இருவர் ஆண்டு முழுதும் அவர்களோடு அமர்ந்து வேதம் வாசிக்கலாம், ஆனால் வாக்களிக்கக் கூடாது. பணம் தவறாகச் செலவாகக்கூடும் என்று குழுக்கள் அஞ்சும். இளைய திருச்சபைகளிடம் நிதியை ஒப்படைக்க மறுத்த மிஷன்களின் தயக்கமும் இத்தகையதே.