இரவுச் சோற்றுக்குப் பகல் வெயில்

சூரிய அடுப்பின் வரலாறு 1767இல் ஜெனிவாவில் தொடங்குகிறது. கண்ணாடி எவ்வளவு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று அறிய விரும்பிய ஓராஸ் பெனடிக்ட் தெ சொஸ்யூர், கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து வெயிலில் காயவிட்டார். பிறகு அவர் செய்த மரப்பெட்டியில் உட்புறம் கறுப்புத் தக்கையும் மேலே மூன்று கண்ணாடி மூடிகளும் இருந்தன. அதன் வெப்பநிலை நீரின் கொதிநிலையைத் தாண்டியது. 1830களில் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்த வானியலாளர் ஜான் ஹெர்ஷல் இவ்வகைப் பெட்டியில் இறைச்சியும் முட்டையும் வேகவைத்தார். வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்று வெயிலே என்று வாதிடும் நூலை வில்லியம் ஆடம்ஸ் 1878இல் பம்பாயில் வெளியிட்டார். ஆடிகள் சூழ்ந்த அடுப்பு ஒன்றையும் செய்து காட்டினார்.

இந்த அடுப்புகளுக்குப் பொதுவான குறை ஒன்று இருந்தது: வெயில் இறங்கியதும் அடுப்பும் ஆறிவிடும். அதைத் தீர்க்க முயன்றவர் அமெரிக்க வானியற்பியலாளர் சார்ல்ஸ் கிரீலி ஆபட். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் அவர் அமைத்த அடுப்பில் நீண்ட வளைவாடி எண்ணெய்க் குழாயைச் சூடாக்கியது. சூடான எண்ணெய் மேலே இருந்த தொட்டியில் தேங்கி, இரவிலும் சமைக்க உதவியது. ஆனால் அது சாதாரண வீட்டுக்கு எட்டாத அமைப்பு.

இந்தியாவில் 1950களில் தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் குழியாடி அடுப்பை உருவாக்கியது. அது விற்பனைக்கு வந்தும் நிலைக்கவில்லை. ஆடியை அடிக்கடி சூரியனை நோக்கித் திருப்ப வேண்டும். வெட்டவெளியில் நின்று சமைக்க வேண்டும். 1980களில் அரசு மானியத்துடன் பரவிய பெட்டி அடுப்பு முதல் சிரமத்தைப் பெரிதும் குறைத்தது. அரிசியும் பருப்பும் வைத்து மூடிவிட்டால் மதியத்திற்குள் வெந்துவிடும். ஆனால் பல வீடுகளில் முக்கியச் சமையல் அந்திக்குப் பின் நடந்ததால், விறகடுப்பின் தேவை ஒழியவில்லை.

எனவே ஆய்வாளர்களின் கவனம் மலிவான வெப்பச் சேமிப்புப் பொருள்களின் பக்கம் திரும்பியது. 1988இல் எகிப்தின் தந்தா நகரில் ஓர் ஆய்வுக் குழு, பாத்திரத்தைச் சுற்றி மணலை உறைபோல் நிரப்பிய குறைந்த விலை அடுப்பை விவரித்தது. மணலுக்குச் செலவு இல்லை. ஆனால் கொள்ளளவு சிறிது. 150 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்கு ஆறும் ஒரு கிலோ மணல் ஏறத்தாழ 40 கிலோஜூல் வெப்பத்தையே தருகிறது.

உருகும் பொருள்கள் இதைவிட அதிகம் தாங்கும். உருகும்போது உட்கொண்ட வெப்பத்தை அவை உறையும்போது திருப்பித் தருகின்றன. அதுவரை வெப்பநிலை பெரிதாக இறங்காது. 1997இல் இந்திய ஆய்வாளர்கள் மெழுகுவத்தித் தொழிலில் பயன்படும் ஸ்டியரிக் அமிலத்தைப் பெட்டி அடுப்பில் சோதித்தனர். அது சுமார் 69 டிகிரியில் உருகுவதால், உணவைச் சூடாக வைத்திருக்க ஏற்றது. புதிதாகக் கொதிக்கவைக்கப் போதாது. மாலைச் சமையலுக்கு உருகுநிலை 105 முதல் 110 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது அடுத்த ஆய்வுகளின் பரிந்துரை. 2003இல் பயன்படுத்தப்பட்ட அசிட்டனிலைடு சுமார் 118 டிகிரியில் உருகி, கிலோவுக்கு 220 கிலோஜூல் அளவு வெப்பத்தைத் தாங்கியது.

அதே ஆண்டில் ஜோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆய்வு நிறுவனம், பயன்படுத்தி முடித்த எஞ்சின் ஆயிலைச் சேமிப்புப் பொருளாகக் கொண்ட அடுப்பின் சோதனை முடிவுகளை வெளியிட்டது. பகலில் அதன் உச்ச வெப்பநிலை சேமிப்பில்லாத அடுப்புக்கு இணையாக இருந்தது. மாலை 5 மணி முதல் நள்ளிரவு வரை 23 டிகிரி கூடுதலாக நின்றது. பட்டறைகளில் கழிவாகும் எண்ணெயே இரவு உணவுக்கு உதவ முடியும் என்பதை இது நிறுவியது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலை உண்டு. சேமிப்புப் பொருள் தனக்கான வெப்பத்தை முதலில் உறிஞ்சுவதால் காலையில் அடுப்பு மெதுவாகவே சூடாகும், எடையும் கூடும். கசியாத உலோக உறையும், வெயில் மறைந்ததும் கண்ணாடியை மூட வெப்பம் கடத்தாத மூடியும் தேவை. இவற்றைக் குறைந்த செலவில் செய்ய முடிந்த இடங்களில், சூரிய அடுப்பு மதியச் சமையலைத் தாண்டி இரவு உணவுக்கும் பயன்படுகிறது.