கரைக்குச் செய்தி சொல்லும் தளம்: இராமநாதபுரக் கடலோரமும் எளிய கட்டற்ற மென்பொருளும்

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கரையில் உள்ள எல்லோருக்கும் பொது. பகலில் கூண்டு, இரவில் விளக்கு. 1 முதல் 11 வரை எண்கள். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டால் அதைச் சொல்வதற்கும் ஓர் எண் உண்டு, 11. பார்த்தவர் யார், எத்தனை மணிக்குப் பார்த்தார், எந்தப் படகைச் சேர்ந்தவர் என்று கூண்டு ஏறும் கம்பம் குறித்துக்கொள்வதில்லை. அதே எச்சரிக்கை வலைத்தளம் வழியே வரும்போது இந்தப் பண்பு பெரும்பாலும் தொலைந்துபோகிறது. தொலைய வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. தளத்தை நடத்த எந்த மென்பொருளை எடுக்கிறோம் என்ற இடத்திலேயே அது முடிவாகிவிடுகிறது என்பது என் வாதம்.

இந்தக் கடலோரத்துக்குத் தேவைப்படும் செய்திகளைப் பார்ப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகுகளுக்குக் கடலுக்குச் செல்லும் அனுமதி டோக்கன் உண்டா இல்லையா என்ற விவரம், ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை உயர முன்னறிவிப்பு, இலங்கைக் கடற்படை சிறைபிடித்த மீனவர்களின் பெயர்ப் பட்டியல், நிவாரண விண்ணப்பத்துக்கான கடைசி நாள். அனைத்தும் எழுத்து. படமோ அசைவோ இல்லாமல் முழுமையாகப் புரிபவை.

எழுத்தின் எடை மிகக் குறைவு. யூனிகோடு முறையில், யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் செலவாகிறது. ‘பாம்பன்’ என்று எழுத ப, கால், ம, புள்ளி, ப, ன, புள்ளி என ஏழு குறியீடுகள். ஆக 21 பைட். இருநூறு சொல் கொண்ட அறிவிப்பு 6 அல்லது 7 கிலோபைட்டில் அடங்கிவிடும். சுருக்கி அனுப்பினால் இன்னும் குறையும். கைப்பேசிக்கு வரும் இன்றைய வலைப்பக்கத்தின் இடைநிலை எடையோ 2 மெகாபைட்டைத் தாண்டியிருக்கிறது. முன்னூறு மடங்கு சுமை! கரையை விட்டுப் படகு நகர நகர கைப்பேசிச் சமிக்ஞை மெலியும். அந்த நேரத்தில் சுமையோடு வரும் எச்சரிக்கை, வராத எச்சரிக்கைதான்.

சுமை எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்தால் இரண்டாவது சிக்கல் புலப்படும். வெளி நிறுவனத்தின் எழுத்துரு, வருகையாளரை எண்ணும் நிரல், பதிக்கப்பட்ட வரைபடம், காணொளிப் பெட்டி: பக்கத்தைக் கனமாக்குபவையும் பார்ப்பவரைப் பிறருக்குக் காட்டிக்கொடுப்பவையும் பெரும்பாலும் இவையே. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், கூகுள் எழுத்துருவை வெளி வழங்கியிலிருந்து வரவழைத்த தளம் பார்வையாளரின் ஐ.பி. முகவரியைச் சம்மதமின்றிக் கொடுத்துவிட்டது என்று கூறி 100 யூரோ இழப்பீடு விதித்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழ் எழுத்துரு முன்பே இருக்கிறது. வெளியிலிருந்து தருவிப்பது தேவையே இல்லாத செலவு.

சிறைபிடிக்கப்பட்டோர் பட்டியலை நள்ளிரவில் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பவள் தங்கச்சிமடத்தில் ஒரு மனைவியாக இருக்கலாம். அந்த நேரமும் இடமும் எந்த விளம்பர நிறுவனத்துக்கும் போகக் கூடாது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதன்பின் தீவை அண்டிய பாசித் தொழில் சட்டத்தோடு உரசிக்கொண்டே நடக்கிறது. அவர்களுக்கென ஒரு தளம் அமைத்து, உள்நுழைவும் இருப்பிட அனுமதியும் கேட்டால், உதவி செய்ய வந்த தளமே அவர்களுக்கு எதிரான சாட்சியாகலாம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விரிவான விலக்கு தர இடம்விட்டிருக்கிறது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. திரட்டாமல் இருப்பதே இங்கு உறுதியான காப்பு.

தளம் என்றதும் வழக்கமாக எடுக்கப்படும் வேர்ட்பிரஸைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 2003-இல் வந்த அந்தக் கட்டற்ற மென்பொருள் இல்லாமல் தமிழ் வலையுலகை நினைக்க முடியாது. 2018-இல் தனியுரிமைக் கருவிகளும் அதில் சேர்ந்தன. ஆனால் அதற்குத் தரவுத்தளம் வேண்டும். ஓயாத புதுப்பிப்பு வேண்டும். செருகுநிரல் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும். ஒரு மீனவர் சங்க அலுவலகத்தில் அப்படி யார் இருப்பார்? கிராவ் போன்ற கோப்புவழி அமைப்புகளுக்குத் தரவுத்தளமே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஓர் எளிய உரைக் கோப்பு. திறந்தால், சிறுகோடுகள் கொண்ட இரு வரிகளுக்கு நடுவே தலைப்பும் தேதியும். அதன் கீழே அறிவிப்பு. கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்தால் காப்புப்பிரதி தயார். எழுதுபவர் உலாவியிலேயே எழுதலாம். 2013-இல் வெளிவந்த ஹியூகோ இதைவிட இலேசானது. வழங்கியில் எந்த நிரலும் ஓட வேண்டியதில்லை. ஆனால் கட்டளை வரியில் பழகிய ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதால், இந்தக் கரைக்குக் கிராவையே பரிந்துரைப்பேன்.

வாட்ஸ்அப் குழு இருக்கத் தளம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வேகத்தில் அதற்கு ஈடில்லை. பாம்பனில் கடல் ஓசை 90.4 வானொலி செய்வதையும் தளம் செய்துவிடாது. ஆனால் போன ஆண்டு நிவாரணத்துக்கு யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதைக் குழுவில் தேடி எடுப்பது கடினம்; குழுவில் சேர்ந்தவரின் கைப்பேசி எண்ணோ எல்லோருக்கும் தெரியும். வணிக மேடையில் வைத்த எழுத்து மேடையோடு போகும். 2009-இல் ஜியோசிட்டிஸ் என்னும் இலவச வலைத்தளச் சேவை மூடப்பட்டபோது தொடக்ககால வலைப்பக்கங்கள் பல அப்படிப் போயின. நீரிணைக்கு அக்கரையில், இலங்கையில், 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளில் ஈழத்து எழுத்தைச் சேர்த்துவருகிறது. இக்கரையில் கடல்சார் ஆவணங்களுக்கு அத்தகைய பொறுமையான உழைப்பு கட்டாயம் வேண்டும்.

மென்பொருளை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. தளம் எதையும் திரட்டாவிட்டாலும், அது குடியிருக்கும் வழங்கி ஒவ்வொரு வருகைக்கும் ஐ.பி. முகவரியும் நேரமும் கொண்ட ஒரு வரியைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவை நிறுத்தலாம். அல்லது முகவரியின் கடைசிப் பகுதியை அழித்துவிட்டு, தாக்குதலைக் கண்டறியத் தேவையான சில நாள்களுக்கு மட்டும் வைத்திருக்கலாம். இட வாடகைக்குக் கையெழுத்திடும் நாளிலேயே சங்கம் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.