தட்டில் அடங்காத இசை

கலை வளர்வதற்குக் கலைஞன் ஒருவன் மட்டும் போதுமா? பாடுவோன் இருந்தும் கேட்போன் இல்லையேல், அப்பாட்டுக் காற்றோடு காற்றாய்க் கரைந்து போகும். ஒருவன் தான் கேட்டதை மற்றொருவனிடம் சொல்லி வியக்கிறான். அவனையும் அழைத்துச் சென்று கேட்பிக்கிறான். இருவருமாகப் பேசிப் பேசி மகிழ்கின்றனர். அப்பொழுதுதான் ஓர் இசை ஊரின் உடைமை ஆகிறது. ரசிகர் என்று நாம் வழங்கும் சுவைஞர் கூட்டம், இசைக்கு வாய்த்த செவிலித் தாய் எனின் மிகையாகாது. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் குடியேறி வாழும் சித்தூரும் திருப்பதியுமே அதற்குச் சான்று பகரும்.

செப்பேடு காத்ததும் காவாததும்

திருமலையானைத் தெலுங்கில் பாடிப் பரவிய தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். அவர் இயற்றிய கீர்த்தனைகள் 32,000 என்பது மரபு. பாடல்கள் அழியலாகாது என்று கருதிய அக்குடும்பத்தார், அவற்றைச் செப்பேடுகளிற் பொறித்துத் திருமலைக் கோயிலினுள் ஓர் அறையில் வைத்துக் காத்தனர். சங்கீர்த்தன பண்டாரம் என்பது அவ்வறையின் பெயர். இருபதாம் நூற்றாண்டில் அவ்வேடுகள் வெளிப்பட்டன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து பதிப்பிக்க உழைத்தனர். 12,000-க்கு மேற்பட்ட பாடல்கள் நமக்குக் கிடைத்தன.

ஆயினும் நடந்தது யாது? ஒவ்வொரு பாடலின் தலையிலும் இராகத்தின் பெயர் இருந்தது, சுரக்குறிப்பு இல்லை. சொல் பிழைத்தது, மெட்டு மறைந்தது. மைசூரில் தெலுங்கு கற்பித்து ஓய்வு பெற்ற இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா திருப்பதிக்கு வந்து, நூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகளுக்கு இசை அமைத்தார். இன்று நாம் உருகிக் கேட்பவற்றுள் பல, இவ்வாறு நம் காலத்தில் மெட்டுப் பெற்றவையே. பாடலுக்குச் செம்பு துணை நின்றது. மெட்டுக்கோ, தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பாடிவரும் கூட்டம் அறுந்து போயிற்று. உலோகத்தால் இயலாத ஒன்றை மனிதச் செவிகளே செய்ய வல்லன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

காஞ்சியும் சித்தூரும்

இனி, கேட்ட செவிகளால் பிழைத்த ஓர் இசையைக் காண்போம். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) தனகோடி அம்மாளின் குடும்பத்தில் தோன்றியவர். கேள்வி ஞானத்தால் உயர்ந்தவர். லயத்தில் அவருக்கு நிகர் அவரே. நீதிமன்றத்தில் நடுவர் பலர் ஒருங்கே அமர்ந்து வழக்குக் கேட்பதை 'ஃபுல் பெஞ்ச்' என்பர். நாயனாப் பிள்ளையின் கச்சேரிக்கும் அப்பெயரே வழங்கிற்று. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என மேடை நிறைந்த பக்கவாத்தியக்காரர் நடுவே அவர் வீற்றிருப்பார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிராவும் மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளையின் கொன்னக்கோலும் அம்மேடையை அணி செய்தன. அரிய தாளங்களில் பல்லவியும், சந்தம் துள்ளும் திருப்புகழும் அங்கே முழங்கின. கேட்போரும் சும்மா இருந்தாரல்லர். தொடையில் தாளம் போட்டுக் கணக்குப் பார்த்து, எடுப்பில் வந்து பொருந்தும் நொடியில் ஆரவாரித்தனர்.

அப்பெருமகனின் குரல் இசைத்தட்டில் இடம் பெறவில்லை. எனினும் அவர் இசை அழிந்ததா? இல்லை. காரணம் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. இம்மாவட்டத்தில் 1898-இல் பிறந்த அவர், காஞ்சி சென்று நாயனாப் பிள்ளையிடம் பல்லாண்டு பயின்றார். குருவுடன் மேடையில் அமர்ந்து பாடினார். குருவின் மறைவுக்குப் பின் அந்த லய வளத்தைத் தாமே ஏந்தி நின்றார். சென்னை மியூசிக் அகாதெமி 1954-இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. அவரிடம் பயின்ற மதுரை சோமசுந்தரம், பக்கவாத்தியங்கள் சூழ நள்ளிரவு கடந்தும் பாடி அம்மரபை மேலும் ஒரு தலைமுறைக்கு நீட்டினார். 'தெய்வம்' படத்தில் 1972-இல் மருதமலை முருகனைப் பாடியவர் அவரே என்றால் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். ஆந்திரத்துச் சித்தூரில் பிறந்தவர் தமிழகத்துக் காஞ்சியில் கற்று, மதுரைக்காரருக்கு வழங்கிய செல்வம் இது! 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022-இல் சித்தூரும் திருப்பதியும் இரு மாவட்டங்கள் ஆயின. கோடுகள் மாறின, இசை எக்கோட்டையும் கேட்டு நடக்கவில்லை.

மூன்று நிமிடக் கடல்

சுப்பிரமணிய பிள்ளையை ஊர் ஊராக அறிமுகம் செய்தது கிராமபோன். அவர் பாடிய 'மதுரா நகரிலோ' என்னும் ஆனந்தபைரவி ஜாவளி இல்லந்தோறும் ஒலித்தது. ஆயினும் அந்நாளைய தட்டின் அளவு யாது? நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்தங்குலத் தட்டில், ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். நான்கு மணி நேரம் பாடும் வித்துவான் அதற்குள் ஆலாபனையைச் சுருக்கி, நிரவலை விட்டு, இரண்டு சுற்றுச் சுரம் பாடி முடித்தாக வேண்டும். கடலைச் செம்பில் முகந்து காட்டியது போன்றது அது.

எனினும் அச்செம்பு நீரே தாகத்தை வளர்த்தது. ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அங்குக் கூடும். ஒருவர் கைப்பிடியைச் சுற்றி விசை ஏற்ற, மற்றொருவர் ஊசி மாற்ற, வேறொருவர், "இதே பாட்டை மேடையில் எப்படி விரித்தார் தெரியுமா?" என்று தொடங்குவார். தட்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். பேச்சு முப்பது நிமிடம் ஓடும். தட்டில் அடங்காத எஞ்சிய கச்சேரியை அப்பேச்சே நிறைவு செய்தது.

நெடுந்தட்டின் வருகை

நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டு, 1948-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கிற்று. நம் திருப்பதிக்கு அதன் பயன் 1963-இல் கிட்டியது. எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் இடையறாது ஒரே தட்டில் வந்தது. அன்று முதல் தென்னாட்டின் வைகறையே அக்குரலால் விடிந்தது எனலாம்.

அதே நெடுந்தட்டு மேலைநாட்டில் விளைத்ததும் அறியத்தக்கது. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் 'புரோகிரஸிவ் ராக்' என்னும் இசைநெறி எழுந்தது. மூன்று நிமிடப் பாட்டோடு அமையாது, கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ் முதலிய குழுவினர் நெடிய இசைக்கோவைகளைப் படைத்தனர். யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' (1972) பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடித் தட்டின் ஒரு பக்கத்தையே நிறைப்பது. நம் கண்டம், மிச்ரம் போல ஐந்திலும் ஏழிலும் அடியெண்ணும் பகுதிகள் அவ்விசைநெறியில் மிகுதி. அதன் சுவைஞர் தட்டின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் வாதிட்டனர். மேடைக் கச்சேரிகளை நாடாவில் பதிந்து தமக்குள் பரிமாறிக் கொண்டனர். நம் சபாக்களின் ரசிகரும் இதனையே செய்தனர் அல்லரோ? மொழி வேறு, கருவி வேறு. சுவைஞர் உள்ளம் ஒன்றே.

நாம் செய்யத்தக்கது

இன்று கைபேசியில் ஆயிரம் கச்சேரிகள் உள்ளன. நேரக் குறைவென்னும் பழைய குறை தீர்ந்தது. புதிய குறை வேறு: தந்தை ஓர் அறையில், மகள் மற்றோர் அறையில், காதை அடைத்துக்கொண்டு தனித்தனியே கேட்கிறோம். கேட்டதைச் சொல்ல ஆளில்லை. பண்டாரம் நிறைந்திருக்க, மெட்டு மறைந்த அந்தப் பழைய கதை நம் வீடுகளிலும் நிகழலாகாது. அயல்மொழி சூழ வாழும் நம் பிள்ளைகட்கு இவ்விசை வெறும் ஒலிப்பதிவாக மட்டும் எஞ்சுமாயின், அது யாருடைய இழப்பு?

ஆதலின் ஒன்று வேண்டுகிறோம். திங்களுக்கு ஒரு மாலை சங்கத்தில் கூடுவோம். பரணில் கிடக்கும் தட்டும் நாடாவும் கொணர்வோம். ஒரு பாடலை முழுமையாக, பேசாது கேட்போம். பின்னர் மனம் விட்டுப் பேசுவோம். முதியோர் தாம் நேரில் கேட்ட கச்சேரிகளைச் சொல்லட்டும். ஊரும் ஆண்டும் பக்கவாத்தியமும் குறித்து இளையோர் எழுதிக் கொள்ளட்டும். இளையோர் தமக்கு உவப்பான மேலை இசையைக் கொணரின், முதியோரும் தாளம் எண்ணிக் கேட்கட்டும். தெலுங்கு அன்பர்களையும் அழைப்போம். இச்செல்வத்தில் அவர்க்கும் சரிபாதி உண்டு.

பாடுவோரை நாம் படைக்க இயலாது. கேட்போரைப் படைக்க இயலும். அப்பணியை இவ்வாண்டே தொடங்குவோமாக!